அம்மோனியாவுக்கு ஓசோன் மெஷின் வேண்டாம், புளோயரை நிறுத்தாமல் ஓட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் பக்கம் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படம் மழைக்கு மழை பத்திரிகைகளில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, "ஓசோன் விட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமாமே, அம்மோனியாவே இல்லாமல் போய்விடுமாமே" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நான் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சிறிய ஆலைகளிலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஓசோன் மெஷின் விற்பவர்கள் குடியிருப்போர் சங்கங்களையும் ஆலை முதலாளிகளையும் தேடி வந்து இதையேதான் சொல்கிறார்கள், நம் ஆட்களும் நம்பி வாங்குகிறார்கள். லட்சக்கணக்கில் போட்ட பணம் போவது ஒரு பக்கம், அம்மோனியா அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. அதனால் எனக்குத் தெரிந்த கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

முதலில் இந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரும்பங்கு நம் சிறுநீரில் இருக்கும் யூரியாதான். குழாயில் ஓடி டேங்குக்கு வருவதற்குள்ளேயே பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். சாதாரண வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை அம்மோனியா நைட்ரஜன் (அதாவது அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடை மட்டும்) இருக்கும், செப்டிக் டேங்கில் மாதக்கணக்கில் ஊறியதை டேங்கரில் கொண்டுவந்தால் அது நூறுகளில் போகும். கறிக்கடைக் கழிவு, கோழிப்பண்ணைக் கழிவு, பால் பண்ணைக் கழிவு என்று புரதம் இருக்கிற எதுவும் அழுகினால் அம்மோனியா வரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. மாங்கூழ் ஆலைகளின் கழிவுநீரில் சர்க்கரைதான் நிறைய, நைட்ரஜன் மிகக் குறைவு. அதைத் தின்னும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது பெருகும். அதனால் டேங்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைத்து ஊற்றுவது வழக்கம், 100 பங்கு பி.ஓ.டி.க்கு (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. இதில் தவறே இல்லை. ஆனால் பெங்களூரா மாங்காய் வரத்து குறைந்து கழிவுநீரின் சர்க்கரை பாதியாகும்போது, பழைய பழக்கத்தில் அதே மூட்டைக் கணக்கில் யூரியா ஊற்றிக்கொண்டே இருந்தால், பாக்டீரியா எடுத்துக்கொண்டது போக மிச்சம் முழுக்க அம்மோனியாவாக வெளியே வரும். அதற்கு மருந்து யூரியாவைக் குறைப்பது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. இந்த இடத்தில் போய் ஓசோன் மெஷின் விற்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஓசோன் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று வாயுவாக வெளியேறக்கூடிய, மூக்கைத் துளைக்கிற அம்மோனியா. இன்னொன்று அம்மோனியம் அயனி, அதற்கு வாசனையே கிடையாது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, தீர்மானிக்கும். பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட வாயு வடிவத்தில் இருக்காது, பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஐந்து, 9.25 வந்தால்தான் சரிபாதி. ஓசோன் இந்த வாயு வடிவத்தோடு மட்டுமே வினைபுரியும், அதுவும் மெதுவாகத்தான். அம்மோனியம் அயனியை அது தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நம் குடியிருப்புக் கழிவுநீரின் பி.எச். 7-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கும், அப்படியானால் டேங்கில் இருக்கும் அம்மோனியாவில் 98, 99 பங்கு ஓசோனின் கைக்கே எட்டாத நிலையில் கிடக்கிறது. சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பி.எச்.சை 9-க்கு மேல் ஏற்றினால் வினை நடக்கும், உண்மைதான், ஆனால் அந்த வினையே அமிலத்தை உண்டாக்குகிறது, பி.எச். தானாக இறங்குகிறது, மறுபடி காஸ்டிக் போட வேண்டும், கடைசியில் வெளியே விடும் முன் அமிலம் போட்டுக் கீழே இறக்கவும் வேண்டும்.

அது மட்டுமல்ல. கழிவுநீரில் ஓசோனுக்கு இரை அம்மோனியா மட்டும் இல்லை. நிறம், நாற்றம், கந்தக வாயு, சோப்பு, கரைந்துள்ள கரிமப் பொருள் எல்லாம் அம்மோனியாவுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன, ஓசோனும் இவற்றை முதலில் தாக்கிவிட்டுத்தான் அம்மோனியா பக்கமே வரும். பாதி வேலை செய்யும் நிலையமாக இருந்து தண்ணீரில் நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் நடுவில் வருவது) தங்கியிருந்தால் இன்னும் மோசம், ஒரு கிராம் நைட்ரைட் நைட்ரஜன் கண் மூடித் திறப்பதற்குள் மூன்றரை கிராம் ஓசோனை விழுங்கிவிடும்.

இப்போது பணக்கணக்கு. ஒரு மூலக்கூறு அம்மோனியாவை நைட்ரேட் ஆக்க நான்கு மூலக்கூறு ஓசோன் வேண்டும். எடையில் சொன்னால் ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 13.7 கிலோ ஓசோன். ஒரு குடியிருப்பில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினமும் 4 கிலோ நைட்ரஜன், அதற்கு 55 கிலோ ஓசோன். ஆக்சிஜனில் ஓடும் நல்ல மெஷினாக இருந்தாலும் ஒரு கிலோ ஓசோன் எடுக்க 10 யூனிட் கரண்ட் ஆகும், சாதாரணக் காற்றில் எடுத்தால் அதற்கும் மேலே. ஆக, ஒரு நாளைக்கு 550 யூனிட், ஆக்சிஜன் செலவு தனி.

விற்பவர்கள் இவ்வளவு பெரிய மெஷினையா கொடுக்கிறார்கள்? இல்லை. மணிக்கு 50 கிராம் ஓசோன் தரும் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். 24 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினாலும் அது 1.2 கிலோ. இந்த ஓசோன் ஒரு பொட்டுகூட வீணாகாமல், வேறு எதையும் தொடாமல், முழுக்க முழுக்க அம்மோனியாவையே தாக்கினால்கூட 88 கிராம் நைட்ரஜனைத்தான் மாற்றும். வருவது 4,000 கிராம். நூற்றில் இரண்டு பங்கு! இந்தப் பெருக்கலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். விலைப்பட்டியலைக் கொண்டுவந்து நீட்டும்போது சங்கத்தில் யாராவது ஒருவர் போட்டுப் பார்த்திருந்தால் பல இடங்களில் பணம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் எப்படி நம்புகிறார்கள் என்றால், விற்பவர்கள் காட்டும் டெமோதான் காரணம். ஓசூரில் ஒரு குடியிருப்பில் நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் டேங்குத் தண்ணீரை மொண்டு வைத்து, மீன் தொட்டியில் போடுவது மாதிரியான ஒரு கல்லைக் குழாயோடு உள்ளே இறக்கி ஓசோனை விட்டார்கள். கருப்பாக இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் டீ நிறமாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, கடைசியில் பக்கெட்டின் அடி தெரிந்தது. சங்கச் செயலாளர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நாற்றமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், நாற்றம் போயிருந்தது. ஆனால் அந்த நாற்றம் அழுகிய முட்டை வாசனை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது, அதை ஓசோன் நொடியில் முடித்துவிடும். நான் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் எடுத்து, ஓசோன் அடங்கட்டும் என்று சற்று நேரம் வைத்துவிட்டு, அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும் நெஸ்லர் கரைசல் சொட்டுப் போட்டுப் பார்த்தேன். ஓசோன் விடுவதற்கு முன் எடுத்து வைத்த பாட்டிலில் என்ன அடர் மஞ்சள் வந்ததோ அதே மஞ்சள் இதிலும் வந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாத அளவுக்கு. செயலாளரிடமே இரண்டு பாட்டிலையும் கொடுத்தேன், அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. (நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருக்கிறது, சோதனை முடிந்ததும் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, தனி பாட்டிலில் சேர்த்து வைக்க வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.)

சில டெமோக்களில் அம்மோனியா உண்மையிலேயே குறைந்து காட்டும். அங்கே முதலில் காஸ்டிக் போட்டு பி.எச்.சை ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பி.எச். 10, 11-இல் எந்தக் காற்றைக் குமிழாக விட்டாலும் அம்மோனியா வாயுவாகி மேலே போய்விடும், ஓசோனே தேவையில்லை. தண்ணீரில் இருந்ததைப் பக்கத்தில் நிற்பவர் மூக்குக்கு மாற்றிவிட்டு அழித்துவிட்டோம் என்று சொல்வதை எப்படி ஒப்புக்கொள்வது?

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓசோனால் அம்மோனியா போகும் என்பது முழுப் பொய் இல்லை. கடல் நீரில் அது நன்றாகவே நடக்கிறது. கடல் நீரில் புரோமைடு இருக்கிறது, ஓசோன் முதலில் அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றும், அந்த அமிலம் அம்மோனியாவைத் தாக்கி நைட்ரஜன் வாயுவாக்கும், வேலை முடிந்ததும் திரும்ப புரோமைடாகிவிடும். கடல் மீன் வளர்க்கும் தொட்டிகளில் ஓசோன் பயன்படுவதற்கும், ஆய்வுக் கட்டுரைகளில் நல்ல முடிவுகள் வருவதற்கும் இதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கே நடந்ததை அப்படியே எடுத்துவந்து பாகலூர் ரோட்டு அபார்ட்மெண்ட் கழிவுநீருக்குப் பொருத்த முடியாது. புரோமைடைச் சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால், ஓசோனும் புரோமைடும் சேர்ந்தால் புரோமேட் உண்டாகும், குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது, அந்த ஆபத்தையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நைட்ரேட்தான். நன்னீரில் ஓசோன் அம்மோனியாவை அழிக்கிறது என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் மாறுகிறது. நைட்ரஜன் எங்கும் போகவில்லை, அதே தண்ணீரில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுவதும் மாறினால் 177 மில்லிகிராம் நைட்ரேட். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 45 மில்லிகிராம். நம் ஊரில் சுத்திகரித்த தண்ணீர் தோட்டத்துக்கும் மரத்துக்கும் போகிறது, மிச்சம் ஏரிக்குப் போகிறது, ஏரியிலிருந்து கசிந்து போர்வெல்லுக்குப் போகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். பால் பவுடரைப் போர்வெல் தண்ணீரில் கலந்து கொடுக்கும் வீடுகளில் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் நோய் வருவது இந்த நைட்ரேட்டால்தான். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் இது தீனி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு நிலத்தடி நீர் கெடுவது என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல் கறைபட்டு, முட்டி வளைந்து நடப்பவர்கள் இந்தப் பக்கம் கிராமம் கிராமமாக இருக்கிறார்கள். அதற்காகவேதான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது, அதில் நம் கையில் ஒன்றும் இல்லை. நைட்ரேட் நாமே கொண்டுபோய் ஊற்றுவது. அதனால் "அம்மோனியா இவ்வளவு குறைந்தது" என்று ஒரு லேப் ரிப்போர்ட்டைக் காட்டினால், அதே சாம்பிளில் நைட்ரைட், நைட்ரேட், மொத்த நைட்ரஜன் எவ்வளவு என்று கேளுங்கள். முன்னும் பின்னும் மொத்த நைட்ரஜன் ஒன்றாகவே இருந்தால் அந்த மெஷின் பெயரைத்தான் மாற்றியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? பாக்டீரியாவிடம் விட வேண்டும். நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், நைட்ரோபாக்டர் வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதற்கு வேண்டியது ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 4.57 கிலோ ஆக்சிஜன், காற்றில் இருக்கிற ஆக்சிஜன் போதும். முன்னால் சொன்ன அதே 4 கிலோவுக்கு 18 கிலோ ஆக்சிஜன், சுமாரான டிஃப்யூசரோடு (காற்றைச் சின்னக் குமிழ்களாக விடும் அமைப்பு) ஓடும் புளோயருக்கு (டேங்குக்குள் காற்றை ஊதும் மெஷின்) இது 20 யூனிட்டுக்குள் முடியும் வேலை. 550 எங்கே, 20 எங்கே. பிறகு, காற்று விடாத ஒரு டேங்கில் இந்த நைட்ரேட் தண்ணீரைப் புதிதாக வரும் கழிவுநீரோடு கலந்து வைத்தால் வேறு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இருக்கும் அதே நைட்ரஜன், யாருக்கும் கெடுதல் இல்லை. புது நிலையங்களில் இந்த அனாக்ஸிக் டேங்க் கட்டியே இருக்கிறது, ஆனால் நைட்ரேட் தண்ணீரை அதற்குத் திருப்பி அனுப்பும் மறுசுழற்சி பம்ப் ரிப்பேராகி அப்படியே கிடக்கிறது, நான் போகிற இடங்களில் அடிக்கடி காண்பது இதைத்தான்.

இந்த அம்மோனியா தின்னும் பாக்டீரியா கொஞ்சம் நோஞ்சான், மெதுவாக வளரும், சின்னத் தொந்தரவுக்கும் சுருண்டுவிடும். அதைச் சாகடிக்கிற காரியங்களை நாமே தினமும் செய்துகொண்டிருக்கிறோம். கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரி பத்து மணிக்குப் புளோயரை நிறுத்திவிட்டுக் காலையில் போடுவது முதல் காரியம். டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், நிறுத்தினால் சீக்கிரமே பூஜ்யம். டிஃப்யூசர் அடைத்துப்போய் ஒரு மூலையில் மட்டும் கொப்பளிக்கும், மற்ற இடமெல்லாம் அசையாமல் நிற்கும், யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. சேறு அதிகமாகிவிட்டது என்று மொத்தமாக டேங்கரில் ஏற்றி அனுப்புவது இன்னொன்று. மெதுவாக வளரும் பாக்டீரியா அந்தச் சேற்றில்தான் இருக்கிறது, அதை அனுப்பிவிட்டால் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும், ஓசூர் மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கணக்கில்லாமல் ஊற்றுவது, சிப்காட் பக்கம் முலாம் பூசும் பட்டறைகளின் நிக்கல், குரோமியம் தண்ணீர் தவறிக் கலந்துவிடுவது, இவையெல்லாம் விஷம்தான். டேங்க் படுத்துவிட்டால் வெல்லம் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள், சாணி கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். வெல்லத்தில் பெருகும் கூட்டம் வேறு, அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் வேறு. வெல்லம் போட்டால் முதல் கூட்டம் பெருகி இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து நல்ல சேற்றை ஒரு டேங்கர் கொண்டுவந்து விடுவதுதான் சரியான வழி.

காரத்தன்மையையும், அதாவது அமிலம் சேர்ந்தாலும் பி.எச். சரியாமல் தாங்கும் சக்தியையும், பார்க்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாற 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினநீர், அதனால் பல இடங்களில் இது தானாகவே போதும். மென்மையான தண்ணீர் பயன்படுத்தும் இடங்களில் பி.எச். 6.5-க்குக் கீழே சரிந்து வேலை நின்றுவிடும், அங்கே கொஞ்சம் சுண்ணாம்போ சோடா உப்போ போட்டால் மீண்டும் எழுந்துகொள்ளும்.

ஓசோனை நான் குறை சொல்லவில்லை. பிரான்சில் நீஸ் நகரம் 1906-லிருந்தே குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்கிறது. சுவிட்சர்லாந்தில் டூபண்டார்ஃப் என்ற ஊரில் 2014 முதல் நகரக் கழிவுநீருக்கே ஓசோன் விடுகிறார்கள், மருந்து எச்சங்களை உடைப்பதற்காக. ஆனால் அங்கே பாக்டீரியா தன் வேலையை முடித்து, அம்மோனியாவெல்லாம் போன பிறகு, கடைசிக் கட்டத்தில், லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டும் விடுகிறார்கள். சாயத்தின் நிறத்தை எடுக்க, கடைசியில் கிருமியைக் கொல்ல, மிச்ச நாற்றத்தை எடுக்க ஓசோன் அருமையான பொருள். பின்வாசலில் நிற்க வேண்டியதை முன்வாசலில் நிறுத்தக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஓசோன் பெட்டியை மாட்டிய இடங்களில் ஆபரேட்டர் நிலையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நம் குடியிருப்புகளில் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலும் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்துக்கு ஓரமாக, ஜன்னல் இல்லாத அறையில் இருக்கும். ஓசோன் காற்றைவிடக் கனமானது, அங்கேயே தங்கும். வேலை செய்யும் இடத்துக் காற்றில் அது பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் கரையாமல் வெளியேறும் ஓசோனை உடைக்க ஒரு கருவி வேண்டும், கசிந்தால் அலாரம் அடித்து மெஷினை நிறுத்தும் சென்சார் வேண்டும், காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும். விலையைக் குறைக்கச் சொன்னதும் முதலில் வெட்டப்படுவது இவைதான். ஒடிசாவிலிருந்தோ ஊத்தங்கரை பக்கமிருந்தோ வேலைக்கு வந்த பையன் அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பான். இடி மின்னலுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு நெடி, தொண்டைக் கரகரப்பு, விடாத இருமல், நெஞ்சில் இறுக்கம் என்று அவன் சொன்னால் தூசி அலர்ஜி என்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஓசோன் வைத்திருக்கும் எல்லாக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள்: இன்றே கீழே இறங்கிப் போய் அந்த அறையில் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வைக்கும் வரைக்கும் மெஷினை நிறுத்துங்கள், அந்தப் பையனை வேறு இடத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளிக்கு வருகிறது. பிறகு கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை), அப்புறம் தர்மபுரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு சாத்தனூர். ஆற்றுக்கே ஓசோன் விடலாமே என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. விநாடிக்கு 100 கன அடி தண்ணீர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வெறும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 2,400 கிலோவுக்கு மேல் நைட்ரஜன், 33 டன் ஓசோன், 3 லட்சத்து 30 ஆயிரம் யூனிட் கரண்ட். ஆற்றுக்கு வந்து சேர்ந்த பிறகு செய்ய முடிகிற வேலை இல்லை இது, சாக்கடை ஆற்றில் விழுவதற்கு முன்னால் அந்தந்த நிலையத்தில் செய்ய வேண்டியது, எல்லைக்கு அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி. ஓசூர் வளர்கிற வேகத்துக்கு நாளை நாமும் கீழே இருப்பவர்களுக்கு அதையேதான் அனுப்பப்போகிறோம். கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் வாங்கிச் சாப்பிடுகிற எல்லோருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும், ஏனென்றால் வாயு வடிவ அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சின்னப் பகுதி இருந்தாலே மீனின் செவுளைப் பாதிக்கும், வெயில் ஏறி, பாசி மண்டி, மதியத்தில் பி.எச். கூடும்போது அந்த வடிவம் தானாகவே பெருகும்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலை, குடிநீரில் அம்மோனியா 0.5-க்கு மேல் கூடாது என்பது ஐ.எஸ். 10500. இரண்டுக்கும் நடுவே நூறு மடங்கு இடைவெளி, அதை நிரப்புவது ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீர் மட்டும்தான், கோடையில் நம் ஆற்றில் அது எங்கே இருக்கிறது? அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. கொடியாளம், கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணை மூன்று இடத்திலும் எடுக்கும் அளவீடுகளில் அம்மோனியா, நைட்ரேட், பி.எச்., கரைந்த ஆக்சிஜன் நான்கையும் தேதி, நேரத்தோடு அணை வாசலிலேயே தமிழில் பலகை வைத்து எழுத வேண்டும். ஆற்றங்கரை விவசாயியும் காவேரிப்பட்டணத்து மீன் வியாபாரியும் நின்று படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை நுரைப் படம் எடுக்கப் போகும்போது, அதிகாரிகளிடம் இந்த நான்கு எண்களையும் கேட்டு வாங்கிப் படத்துக்குக் கீழே போடுங்கள். கொடுக்கவில்லை என்றால், கேட்டோம், கொடுக்கவில்லை என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர் நிலைய மேற்பார்வையாளர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.